கோபன்ஹேகன் 1807: நம்ம ராக்கெட் கதையில விட்டுப்போன அத்தியாயம்

காலை எட்டு மணிக்குக் கப்பல் லாங்கெலினி துறையில வந்து நின்னுச்சு. சாயங்காலம் நாலரைக்குள்ள திரும்பி ஏறணும். ஏறலைன்னா கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. நடுவுல இருக்கிற எட்டரை மணி நேரம்தான் எங்களுக்குக் கோபன்ஹேகன்.

வணக்கம் மக்களே. மூணு வாரமா ஆளைக் காணோமேன்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. அப்பா, அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஒரு பால்டிக் க்ரூஸ் போயிருந்தேன். ஜெர்மனியில கீல் துறைமுகத்துல ஏறி, ஏழு ராத்திரி. எந்த கேபின் நல்லது, வெஜ் சாப்பாடு கிடைக்குமான்னு கேட்டவங்களுக்குத் தனியா பதில் போடுறேன். (கிடைக்கும். ஆனாலும் அம்மா ஒரு பாட்டில் மாவடு கொண்டுவந்திருந்தாங்க.) இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தி இல்லை. கோபன்ஹேகன்ல ஒரு சர்ச் வாசல்ல எனக்கும் அப்பாவுக்கும் நடந்த ஒரு வாக்குவாதத்தைப் பத்தி.

அதுக்கு முன்னாடி அப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை. முப்பது வருஷம் காஞ்சிபுரம் மாவட்டத்துல அரசுப் பள்ளி இயற்பியல் வாத்தியார். நியூட்டனோட மூணாம் விதி வர்ற அன்னைக்கு, எந்த பேட்ச் பசங்களா இருந்தாலும் ஒரு கதை கண்டிப்பா உண்டு. அப்துல் கலாம் 1963-ல அமெரிக்காவுல வாலப்ஸ் தீவு ராக்கெட் தளத்துக்குப் போறார். அங்க வரவேற்பறையில ஒரு பெரிய ஓவியம். பின்னணியில ராக்கெட் பறக்குது. ஆனா ராக்கெட் விடுற வீரர்கள் வெள்ளைக்காரங்க இல்லை, நம்ம நிறம். கிட்டப் போய்ப் பார்த்தா திப்பு சுல்தானோட படை. 'அக்னிச் சிறகுகள்' படிச்ச எல்லாருக்கும் இது தெரியும். அப்பா அதோட நிறுத்த மாட்டார். "அந்த ராக்கெட் விழுந்த இடம் எங்கேயோ இல்லடா, நம்ம புள்ளலூர்"னு முடிப்பார். காஞ்சிபுரத்துப் பக்கத்து ஊர் பேரைக் கேட்டதும் பசங்க முகத்துல ஒரு வெளிச்சம் வரும். அந்த பெஞ்சுல நானும் உட்கார்ந்திருக்கேன்.

கோபுரம் இல்லாத சர்ச்

கப்பல் மேல்தளத்துல நின்னு பார்த்தா, துறைமுக வாசல்ல கடலுக்குள்ள ஒரு குட்டிக் கோட்டை தெரியும். பேரு ட்ரெக்ரோனர், அதாவது மூணு கிரீடம். எல்லாரும் அதை போட்டோ எடுத்துட்டு, பத்து நிமிஷம் நடந்து லிட்டில் மெர்மெயிட் சிலைக்குப் போயிடுவாங்க. நாங்களும் போனோம். ஒண்ணேகால் மீட்டர் உயரம்தான். "இதுக்கா இவ்ளோ கூட்டம்?"னு அம்மா கேட்டாங்க. 1913-ல வச்ச சிலை.

அங்கிருந்து அரண்மனை, நீஹவ்ன் கால்வாய், அப்புறம் ஸ்ட்ரோயெட் கடைவீதி. அதைத் தாண்டி உள்ளே போனா பல்கலைக்கழகப் பகுதி. அங்கதான் வோர் ஃப்ரூ கிர்கெ இருக்கு, கோபன்ஹேகனோட பேராலயம். ஐரோப்பாவுல எந்த ஊர்ப் பேராலயத்தைப் பார்த்தாலும் வானத்தைக் குத்துற மாதிரி ஊசிக் கோபுரம் இருக்கும். இங்க இல்லை. முன்பக்கம் பெரிய தூண்கள், மேலே சதுரமா மொட்டையா ஒரு கோபுரம்.

"என்னடா இது, சர்ச் மாதிரியே இல்லையே, கிரேக்கக் கோயில் மாதிரி இருக்கு"ன்னார் அப்பா. போனை எடுத்துப் படிச்சேன். பழைய சர்ச்சுக்கு ரொம்ப உயரமான ஊசிக் கோபுரம் இருந்திருக்கு. 1807 செப்டம்பர்ல பிரிட்டிஷ் படை இந்த நகரத்து மேல குண்டு வீசினப்போ தீப்பிடிச்சு சரிஞ்சு விழுந்திருச்சு. அப்புறம் ஹான்சென்னு ஒரு கட்டடக் கலைஞர் 1829 வரைக்கும் கட்டினதுதான் இப்ப இருக்கிறது. அடுத்த வரியையும் சத்தமாப் படிச்சேன். வீசினதுல காங்கிரீவ் ராக்கெட்டுகளும் இருந்தன.

அப்பா திரும்பிப் பார்த்தார். காங்கிரீவ்ங்கிற பேரு அவருக்கு நல்லாத் தெரியும். முப்பது வருஷமா அவர் சொன்ன கதையோட கடைசி வரி அது: "அந்த ராக்கெட்டைத்தான் வெள்ளைக்காரன் எடுத்துட்டுப் போய் காங்கிரீவ் ராக்கெட்னு பேரு வச்சான்." அங்க கைதட்டல் வரும், மணி அடிக்கும். அதுக்கு அப்புறம் அந்த ராக்கெட் எங்க போச்சுன்னு யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

சண்டைக்கே வராத ஊர்

1807-ல என்ன நடந்தது? ஐரோப்பா முழுக்க நெப்போலியன் போர்கள். டென்மார்க் நடுநிலை நாடு. பிரிட்டனோடயும் வியாபாரம், பிரான்சோடயும் வியாபாரம். ஆனா அதுகிட்ட ஒரு நல்ல கடற்படை இருந்தது. அதுதான் பிரச்சினை.

1807 ஜூலையில நெப்போலியனும் ரஷ்ய மன்னரும் டில்சிட்டில் சமாதானம் ஆனார்கள். அடுத்து நெப்போலியன் டென்மார்க்கை மிரட்டி அந்தக் கப்பல்களை எடுத்துக்கொள்வார், அதை வைத்து பிரிட்டன் மேலேயே வருவார் என்று லண்டன் பயந்தது. பிரிட்டன் டென்மார்க்கிடம் கேட்டது இதுதான்: உங்க கப்பல்களை எங்ககிட்ட ஒப்படைங்க, போர் முடிஞ்சதும் திருப்பித் தர்றோம். டென்மார்க் மறுத்தது. டென்மார்க்கின் முக்கியப் படை அப்போது தலைநகரில் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் தெற்கிலிருந்து வருவார்கள் என்ற எதிர்பார்ப்பில் எல்லையில் நின்றது.

ஆகஸ்ட் 16-ஆம் தேதி கோபன்ஹேகனுக்கு வடக்கே வேட்பெக் என்ற கடற்கரையில் பிரிட்டிஷ் படை இறங்கியது. 25,000-க்கும் மேற்பட்ட ஆட்கள். நகரத்தைச் சுற்றி வளைத்தார்கள். மதிலுக்குள் சுமார் ஒரு லட்சம் பேர் நெருக்கியடித்து வாழ்ந்த ஊர். கோட்டையை மட்டும் அடித்தால் நாளாகும். ஊரையே எரித்தால் சீக்கிரம் சரணடைவார்கள். இதுதான் கணக்கு.

செப்டம்பர் 2 இரவு ஆரம்பித்தார்கள். மூன்று இரவுகள். முதல் இரவு சுமார் 5,000 குண்டுகள், இரண்டாவது இரவு 2,000, மூன்றாவது இரவு 7,000. முதல் இரண்டு இரவும் தீயணைப்பு ஆட்கள் எப்படியோ சமாளித்தார்கள். மூன்றாவது இரவு முடியவில்லை. பேராலயக் கோபுரம் விழுந்தது. பல்கலைக்கழகத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான வீடுகள் சாம்பலாயின. 1728-லும் 1795-லும் இதே ஊர் பெரிய தீ விபத்துகளைப் பார்த்திருந்தது. ஆனால் அவை விபத்துகள். செத்த பொதுமக்கள் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. சில நூறு என்பவர்களும் உண்டு, இரண்டாயிரம் என்பவர்களும் உண்டு.

செப்டம்பர் 7-ஆம் தேதி டேனிஷ் தளபதி பெய்மான் சரணடைந்தார். அக்டோபர் கடைசியில் பிரிட்டன் அந்தக் கடற்படையை ஓட்டிக்கொண்டு போனது. பட்டறையில் பாதி கட்டி நின்ற கப்பல்களைக்கூட உடைத்துவிட்டுத்தான் போனார்கள்.

ஒரு நடுநிலை நாட்டின் கப்பல்களை இப்படி அடித்துப் பறிப்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லே வந்துவிட்டது: கோபன்ஹேகனைஸ். இன்னைக்கு அதே வார்த்தையைத் தேடினா, ஒரு நகரத்தை சைக்கிள் ஓட்ட வசதியா மாத்துறதுன்னு அர்த்தம் வரும். ரெண்டு அர்த்தமும் இதே ஊர் பேர்லதான்.

புள்ளலூர் முதல் கோபன்ஹேகன் வரை

இப்ப ராக்கெட்டுக்கு வருவோம்.

ராக்கெட் சீனாவிலும் இந்தியாவிலும் ரொம்ப நாளாவே உண்டு. மைசூர் ராக்கெட்டில் என்ன புதுசு? இரும்பு உறை. காகிதத்திலோ மூங்கிலிலோ வெடிமருந்தை ரொம்ப இறுக்கி அடைத்தால் உறை கிழிந்துவிடும். இரும்புக் குழாயில் அடைத்தால் உள்ளே அழுத்தம் அதிகமாகத் தாங்கும். அழுத்தம் கூடினால் தூரம் கூடும். ஒரு கிலோமீட்டருக்கு மேலே பறந்தன. நீளமான மூங்கிலையோ வாளையோ சேர்த்துக் கட்டி, திசை மாறாமல் பறக்க விட்டார்கள்.

1780 செப்டம்பர் 10, புள்ளலூர். ஹைதர் அலி, திப்பு படை ஒரு பக்கம், கர்னல் பெய்லி தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனி படை இன்னொரு பக்கம். கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. ராக்கெட் விழுந்துதான் வெடித்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கம்பெனிக்கு இந்தியாவில் கிடைத்த மிக மோசமான தோல்விகளில் ஒன்று அது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றைக்கும் அந்தப் போரை ஓவியமாகப் பார்க்கலாம். 2018-ல் கர்நாடகத்தில் ஷிவமொக்கா மாவட்டம் நகரா என்ற ஊரில் ஒரு பழைய கிணற்றைத் தோண்டினப்போ, ஆயிரம் ராக்கெட்டுகளுக்கு மேல் துருப்பிடித்துக் கிடந்தன. ஆக இது வாட்ஸ்அப் ஃபார்வர்டு பெருமை இல்லை, நிஜமான இன்ஜினியரிங்.

1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார். கைப்பற்றிய ராக்கெட்டுகள் லண்டனில் வுல்விச் ஆயுதசாலைக்குப் போயின. அங்கே வில்லியம் காங்கிரீவ் 1804 வாக்கில் சோதனை ஆரம்பித்தார். முதலில் லண்டன் கடைகளில் கிடைத்த பெரிய வாணங்களை வாங்கி விட்டுப் பார்த்தார். இந்திய ராக்கெட் போகும் தூரத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அப்புறம் இரும்பு உறை, சீரான மருந்துக் கலவை, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு என்று தொழிற்சாலை உற்பத்திக்குக் கொண்டுவந்தார். நம்ம பாஷையில சொன்னா, ஒரு ரெப்போவை ஃபோர்க் பண்ணி, ஸ்கேல் பண்ணிட்டார். 1805-லும் 1806-லும் பிரான்சின் புலோன் துறைமுகத்தின் மேல் முயற்சி. அடுத்தது 1807, கோபன்ஹேகன். காங்கிரீவே நேரில் வந்திருந்தார்.

இங்க நான் நேர்மையா ஒரு விஷயம் சொல்லணும். ராக்கெட்தான் கோபன்ஹேகனை எரிச்சுச்சுன்னு சொன்னா அது தப்பு. மூணு ராத்திரியில விழுந்த சுமார் 14,000-ல ராக்கெட் 300 வாக்குலதான். ரெண்டு சதவீதம். மீதி மார்ட்டர் குண்டு, பீரங்கிக் குண்டு. பல இணையதளங்கள்ல 25,000 ராக்கெட், 40,000 ராக்கெட்னு போட்டிருப்பாங்க, நம்பாதீங்க. ஆனா அந்த 300-ம் கூரை மேல விழுந்து தீ வைக்கத்தான் அனுப்பப்பட்டுச்சு. நம்ம பக்கத்துல படை மேல விட்ட ஆயுதம், இங்க வீடுகள் மேல விடப்பட்டுச்சு.

இன்னொரு ஆளும் இந்த ரூட்ல வந்திருக்கார். 1799 ஏப்ரல்ல, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே சுல்தான்பேட்டைத் தோப்புல ராத்திரித் தாக்குதலுக்குப் போய், மைசூர்ப் படைகிட்ட அடி வாங்கித் திரும்பின கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி. 1807 ஆகஸ்ட் 29-ல கோபன்ஹேகனுக்குத் தெற்கே கோயெங்கிற ஊர்ல டேனிஷ் ஊர்க்காவல் படையைச் சிதறடிச்சது அதே வெல்லெஸ்லி. அவசரத்துல திரட்டின குடியானவங்க, மரச்செருப்பு போட்டு வந்தவங்க. ஓடுறப்போ அதைக் கழட்டிப் போட்டுட்டு ஓடினதால, டென்மார்க்ல அந்தச் சண்டைக்கு மரச்செருப்புச் சண்டைன்னே பேரு. வெல்லெஸ்லி பின்னாடி வெலிங்டன் பிரபு ஆனார். வாட்டர்லூ போர்ல அவர் ஏறி வந்த குதிரையோட பேரு கோபன்ஹேகன்.

இந்தக் கதை நம்ம கடற்கரைக்கும் திரும்பி வருது. தரங்கம்பாடி 1620-லேர்ந்து டேனிஷ்காரங்க கையில இருந்த ஊர். கோபன்ஹேகன் எரிஞ்ச செய்தியோட போரும் கப்பல்ல வந்துச்சு. 1808-ல பிரிட்டன் தரங்கம்பாடியைப் பிடிச்சது, 1815 வரைக்கும் திருப்பித் தரலை. டென்மார்க் 1813-ல திவாலாச்சு, 1814-ல நார்வேயை இழந்துச்சு. கடைசியில 1845-ல தரங்கம்பாடியையும் பிரிட்டிஷ்காரங்ககிட்டயே வித்துட்டாங்க.

சர்ச் வாசல் வாக்குவாதம்

இதெல்லாம் நான் ராத்திரி கப்பல்ல உட்கார்ந்து படிச்சது. சர்ச் வாசல்ல எனக்குத் தெரிஞ்சது பாதிதான். ஆனா அந்தப் பாதியே போதுமா இருந்துச்சு சண்டை போட.

"அப்ப நம்ம ஆள் கண்டுபிடிச்சது தப்புங்கிறியா?"ன்னு ஆரம்பிச்சார்.

"அப்படிச் சொல்லலப்பா. நீங்க கதையைப் பாதியிலயே நிறுத்திட்டீங்கன்னு சொல்றேன்."

"டேய், பிள்ளைங்களுக்கு இந்த நாட்டுல ஒரு விஷயம் முதல்ல நடந்துச்சுன்னு சொல்ல வேண்டியிருக்கு. புத்தகத்தைத் திறந்தா நியூட்டன், ஓம், ஃபாரடே. நம்ம பேரு எங்க இருக்கு? அதுக்குத்தான் சொன்னேன்."

அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை. அந்த வெளிச்சம் என் முகத்துலயும் வந்ததாலதான் நான் இன்ஜினியரிங் சேர்ந்தேன்.

அம்மா நடுவுல வந்தாங்க. "என்னங்க, ரோட்ல நின்னு ரெண்டு பேரும் கத்துறீங்க. எங்கயாவது உட்காரலாம்."

உட்கார்ந்தோம். அப்ப நான் அப்பாகிட்ட ஒண்ணு சொன்னேன், உங்ககிட்டயும் சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி, வேலை பார்த்த இடத்துல ஒரு லைப்ரரி எழுதினேன். டெலிவரி வண்டிகளுக்கு ரூட் போடுறது. எந்த வண்டி எந்தத் தெருவுக்கு எப்பப் போனா சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். நல்லா வந்துச்சு, எனக்குப் பெருமை. ஆறு மாசம் கழிச்சு அதை ட்ரோன்களுக்கு மாத்தி ஒரு ராணுவ வாடிக்கையாளருக்கு டெமோ காட்டப் போறதா மீட்டிங்ல சொன்னாங்க. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "லேட்டன்சி எவ்வளவுக்குள்ள இருக்கணும்?"

அவ்வளவுதான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தலை. அந்த ட்ரோன் எதைத் தூக்கிட்டுப் போகும்னு கேட்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. சர்ச் முன்னாடி அப்பாவைக் கேள்வி கேட்ட நான், மீட்டிங்ல அதைக் கேட்கலை.

அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "இரும்புக் குழாயைச் செஞ்ச கொல்லனும் அதைத்தான் கேட்டிருப்பான், எவ்வளவு தூரம் போகணும்னு"ன்னார்.

மேலேர்ந்து பார்த்தப்போ

நேரம் இருந்துச்சுன்னு பக்கத்துல இருக்கிற வட்டக் கோபுரத்துக்குப் போனோம். ருண்டெடோர்ன். 1642-ல கட்டினது. கடைசியில கொஞ்சம் தவிர படிக்கட்டே கிடையாது, சுத்திச் சுத்திச் சரிவுப் பாதை. முட்டிவலி அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். 1807-ல பல்கலைக்கழக நூலகம் இந்தக் கோபுரத்தை ஒட்டின சர்ச்சோட மேல்தளத்துல இருந்துச்சு. ஒரு குண்டு அங்கயும் வந்து விழுந்திருக்கு. அதோட துண்டுகள் ஒரு புத்தகத்துக்குள்ள சிக்கியிருந்துச்சு. மார்சிலியுஸ்ங்கிற இத்தாலியர் 14-ஆம் நூற்றாண்டுல எழுதின நூல். தலைப்பு, 'சமாதானத்தின் காவலன்'. இட்டுக்கட்டின கதை மாதிரி இருக்கும், ஆனா நிஜம். அந்தப் புத்தகத்தையும் துண்டுகளையும் பல்கலைக்கழகம் பத்திரமா வச்சிருக்கு.

மேலே போனா ஊர் முழுக்க சிவப்புக் கூரை. தூரத்துல எங்க கப்பல் நிக்கிற கடல் பக்கம். அப்பா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஜனங்க எங்கடா போனாங்க, அந்த மூணு ராத்திரி?"

தேடிச் சொன்னேன். தண்ணிக்கு அந்தப் பக்கம், கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன், அதையும் தாண்டி அமாகர் தீவு. பிரிட்டிஷ் குண்டு அங்க எட்டலை. மூட்டை முடிச்சோட பாலம் தாண்டி ஓடியிருக்காங்க.

"நம்ம பக்கமும் ஓடியிருக்காங்க"ன்னார். "ஹைதர் படை வந்தப்போ, ஊரு ஊரா எரிஞ்சு, ஜனங்க மெட்ராசுக்கு ஓடினாங்க. புள்ளலூர் சண்டை நடந்த அதே வருஷம். அதையும் நான் கிளாஸ்ல சொன்னதில்லை."

நாலு மணிக்கெல்லாம் கப்பல் வந்து சேர்ந்துட்டோம். ட்ரெக்ரோனர் கோட்டையைத் தாண்டிக் கப்பல் போறப்போ அப்பா மட்டும் மேல்தளத்துல நின்னார். நாங்க கீழே டீ குடிச்சுக்கிட்டிருந்தோம்.

ஊருக்கு வந்த அப்புறம், ஆகஸ்ட் 15-க்கு அவரோட பழைய ஸ்கூல்ல பேசக் கூப்பிட்டாங்க. கூட நானும் போனேன். கலாம், ஓவியம், இரும்புக் குழாய், புள்ளலூர், எல்லாம் அப்படியே சொன்னார். பசங்க முகத்துல அதே வெளிச்சம். கைதட்டினாங்க. முன்னெல்லாம் அங்கதான் உட்காருவார். இந்தத் தடவை கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கு, கோபன்ஹேகன்னு ஒரு ஊரு"ன்னு ஆரம்பிச்சார்.

நான் அந்த லைப்ரரி எழுதின இடத்துல இப்ப இல்லை. ஆனா புது டீம்ல போன வாரம் ஒரு டிசைன் ரிவ்யூ நடந்துச்சு. "இதை யார் யூஸ் பண்ணப் போறாங்க, எதுக்கு?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. பதில் இன்னும் வரலை, ஃபாலோ-அப் மெயில் போட்டிருக்கேன்.

உங்க வேலையில அப்படி ஒரு கேள்வியைக் கேட்டவங்க, கேட்காம விட்டவங்க, ரெண்டு பேரும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். வணக்கம்.